ஹேவ்

லாரியைத் தவறவிட்டேன், அதனால் ரயில்.
நோட்டை மடியில் விரித்து
கோ, வென்ட், கான்
கோ, வென்ட், கான் என்று முணுமுணுக்கிறேன்.
எதிரில் இருப்பவர் ஏதோ மந்திரம் என்று நினைத்திருக்கலாம்.
நினைத்திருக்கலாம்: மே ஹேவ் தாட்.
போன ஞாயிறு படித்தது.

ஜூரோங்கில் ஒரு புளோக்கின் கீழ்த்தளம்.
பிங்பாங் மேசையைச் சுவரோரம் தள்ளினால்
அது வகுப்பு.
டீச்சர் நூர் ஷாஃபிகா, பாலிடெக்னிக் இரண்டாம் வருடம்,
என்னைவிடப் பத்தொன்பது வயது இளையவள்.
எங்கள் தப்புக்குச் சிரித்துவிடாமல் இருக்க
மார்க்கர் மூடியைக் கடித்துக்கொள்வாள்.
மூடி முழுக்கப் பல் தடம்.

எத்தனை வருடமாக இங்கே இருக்கிறீர்கள் என்றாள்.
ஐ ஆம் ஹியர் லெவன் இயர்ஸ் என்றேன்.
ஆம் இல்லை, ஹேவ் பீன்.
ஏன்? இருக்கிறேனே.
இதோ, இந்த நாற்காலியில்தானே இருக்கிறேன்.
அவள் பலகையில் கோடு ஒன்று இழுத்தாள்.
இந்த முனை நீங்கள் வந்திறங்கிய நாள்.
அந்த முனை இன்று.
இரண்டையும் விடாமல் பிடித்திருக்கும் கைதான் ஹேவ்.
விட்டுவிட்டால்?
லிவ்ட். ஒர்க்ட். அவ்வளவுதான், முடிந்தது.

எங்கள் மொழியில் அதை இறந்தகாலம் என்போம் என்றேன்.
இறந்த என்றால்?
டெட் என்று வாய்வரை வந்ததை விழுங்கி
கடந்த என்றும் ஓர் அர்த்தம் உண்டு என்றேன்.

உண்மையைச் சொன்னால்
காலத்தில் நாங்கள் கொஞ்சம் தாராளம்.
குளியலறையில் சோப்பு நுரையோடு நின்று
'இதோ வந்துட்டேன்' என்போம்.
பணம் அனுப்பியாச்சா என்று பாக்கியலட்சுமி கேட்டால்
அனுப்பிட்டேன் என்று சொல்லிக்கொண்டே
செருப்பை மாட்டுவேன்.
புறப்படுகிறவன் 'வரேன்' என்பான்.

யார்டில் இந்தத் தொல்லையெல்லாம் இல்லை.
ஃபோர்மேன் ஆ செங்
ஈட் ஆல்ரெடி? என்பான்.
வெல்ட் ஆல்ரெடி. செக் ஆல்ரெடி. கோ ஹோம் ஆல்ரெடி.
வினையை அப்படியே வைத்துப் பின்னால் ஓர் ஆல்ரெடி.
எண்பதாயிரம் டன் கப்பலை
அதை வைத்தே கட்டி
கடலில் இறக்கிவிட்டோம்.
மிதக்கிறது.

ஷாஃபிகா ஒத்துக்கொள்ள மாட்டாள்.
பிறகு, அந்த வித்தியாசம்:
ரஃபிகுல் ஹேஸ் கான் டு டாக்கா,
போனவர் இன்னும் அங்கேயே.
ரஃபிகுல் ஹேஸ் பீன் டு டாக்கா,
போய்வந்துவிட்டார்.
ரஃபிகுல் அப்போது மூன்று வார லீவில் போயிருந்தான்.
திரும்பி வந்ததும் இரண்டாவது வாக்கியத்தை
அவனே வாசிக்கட்டும் என்று
பலகையின் மூலையில் அழிக்காமல் வைத்திருந்தாள்.
நான்காவது வாரமும் வைத்திருந்தாள்.
ஆறாவது வாரம், வகுப்பு தொடங்குமுன்,
எங்களுக்கு முதுகு காட்டி நின்று
பீன் என்பதை விரலால் தேய்த்து
கான் என்று எழுதினாள்.
பிறகு விரலில் ஒட்டிய மையை
ரொம்ப நேரம் துடைத்துக்கொண்டிருந்தாள்.
சந்தேகம் ஏதும் உண்டா என்று அன்று கேட்கவில்லை.
எங்களுக்கும் இல்லை.

ஜூ கூன் தாண்டியாயிற்று.
பெட்டியில் இப்போது ஏழெட்டுப் பேர்தான்.
சட்டைப்பையில் போன் அதிர்கிறது.
ஆபீஸிலிருந்து மிஸ் கியோங்.
பூட்டிய திரையில் ஒரு வரிக்குத்தான் இடம்:

யுவர் ஒர்க் பெர்மிட் ஹேஸ் பீன்...

மூன்று புள்ளி.
ஹேஸ் சரி. பெர்மிட் ஒருமை.
பீன் சரி. செயப்பாட்டுவினை;
செய்தவர் யாரென்று சொல்ல வேண்டியதில்லை,
பக்கம் முப்பத்தொன்று.
அடுத்து வருவது மூன்றாம் வடிவம்.
ரினியூட் என்றாலும் இலக்கணம் சரி.
கேன்சல்ட் என்றாலும்
ஷாஃபிகா முழு மதிப்பெண் போடுவாள்.

தமிழில் வினை கடைசியில்தான் வரும்.
அதுவரை மூச்சைப் பிடித்திருந்து பழகியவன்தான் நான்.
துவாஸ் கிரசென்ட். கதவு திறக்கிறது,
யாரும் ஏறவில்லை, மூடுகிறது.
கட்டைவிரல் கண்ணாடிமேல் நிற்கிறது.

ஐ ஹேவ் பீன் ஹியர் லெவன் இயர்ஸ்.
இன்னொரு முறை, சத்தமாக.
எதிரில் இருப்பவர் நிமிர்ந்து பார்க்கிறார்.